இப்போதைய நாடகங்கள் எல்லாமே 'பிரச்சினை நாடகங்கள்' தானா?

பின்வரிசை:
கொஞ்ச நாளாக நாடகப் பிரதிகளாகவே வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒளிப்பதிவு கிடைத்தால் அதையும் பார்த்துவிடுகிறேன். பழைய செவ்வியல் நாடகங்கள் இல்லை, கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டவைதான் பெரும்பாலும். ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பின்னட்டையைப் புரட்டினாலே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. ஒன்று மறதிநோய். இன்னொன்று பாலியல் வன்முறை வழக்கு. அடுத்தது மூடப்பட்ட தொழிற்சாலை. அதற்கடுத்தது போர், அகதிகள். செய்தித்தாளின் உள்பக்கத்தைக் கிழித்து நாலு பேருக்கு வசனமாகப் பிரித்துக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

நோக்கம் நல்லதுதான், மறுக்கவில்லை. நோக்கத்துக்காக இரண்டு மணி நேரம் உட்கார முடியுமா? கதை வேண்டாமா? பேராசை, காதல், கிறுக்குத்தனம், வெட்டிப்பேச்சு, வயிறு குலுங்கும் சிரிப்பு, இதெல்லாம் சினிமாவுக்கும் தொடர்களுக்கும் குடிபோய்விட்டதா?

மேடையில் மட்டுமே சொல்ல முடிகிற கதை என்று நீங்கள் நினைப்பவற்றைச் சொல்லுங்கள். 'காலத்தின் கட்டாயம்' என்று தொடங்கும் பரிந்துரைகள் மட்டும் வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

மூன்றாம்மணி:
அந்த மறதிநோயிலிருந்தே தொடங்கலாம். ஃப்ளோரியன் ஸெல்லர் பிரெஞ்சில் எழுதி 2012இல் பாரிசில் மேடையேறிய 'தி ஃபாதர்' நாடகத்தைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பின்னட்டைப்படி அது மறதிநோய் பற்றிய நாடகம். மேடையில் அது ஒரு துப்பறியும் கதை. துப்பறிய வேண்டியது நாம்.

மகள் வருகிறாள், அப்பாவோடு பேசுகிறாள், போகிறாள். அப்புறம் இன்னொரு நடிகை உள்ளே வந்து, அதே மகளாக, ஒன்றுமே நடக்காதது போலப் பேசுகிறார். அப்பா விழிக்கிறார். நாமும் விழிக்கிறோம், நமக்கும் அந்த முகம் புதிதுதானே. இவள் பொய் சொல்கிறாளா, வீட்டை அபகரிக்க வந்தவளா என்றெல்லாம் கணக்குப் போடுகிறோம். நாடகம் போகப்போக வீட்டுச் சாமான்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. போன காட்சியில் அங்கே ஏதோ இருந்ததே என்று ஒருகட்டத்தில் நமக்கே நம் ஞாபகத்தின் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது.

நோயாளியைப் பார்த்து உச்சுக்கொட்ட வைக்கும் கதைகள் எத்தனையோ இருக்கின்றன. இந்த நாடகம் அதற்கு இடமே கொடுப்பதில்லை. தள்ளி நின்று பார்த்தால்தானே உச்சுக்கொட்ட முடியும்? இங்கே நாமும் அவர் மண்டைக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

பின்னட்டை எழுதுகிறவருக்கு இதையெல்லாம் நாலு வரியில் சொல்ல வழியில்லை. 'மறதிநோய்' என்று போட்டு முடித்துவிடுகிறார். நாடகம் எதைப் பற்றியது என்று கேட்டு அடுக்கினால் எல்லாம் ஒரே அலமாரிக்குத்தான் போகும். மேடையில் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
பேராசை வேண்டுமென்றீர்களே, அது என் பேட்டை. பகலெல்லாம் பேலன்ஸ் ஷீட் பார்க்கிறவன் நான்.

லூசி ப்ரெபிள் எழுதிய 'என்ரான்' (2009). அந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனம் 2001இல் திவாலானது. கடனைக் கணக்குப் புத்தகத்தில் காட்டாமல், தானே உருவாக்கிய துணை அமைப்புகளுக்குள் தள்ளி ஒளித்துவைத்திருந்தது. அவற்றில் சிலவற்றுக்கு உண்மையிலேயே 'ராப்டர்' (ஒருவகை டைனோசர்) என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். நாடக ஆசிரியர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். நிதி அதிகாரி நிலவறையில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் டைனோசர் தலை மாட்டிய ஆட்கள். கடனை அவற்றுக்குத் தீனியாகப் போடுகிறார். அவை தின்கின்றன, வளர்கின்றன, இன்னும் கேட்கின்றன. இந்த மாதிரி அமைப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று வகுப்பெடுத்தால் ஒரு மணி நேரம் ஆகும். மேடையில் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

கணக்குத் தணிக்கை நிறுவனம் எப்படி வருகிறது தெரியுமா? கையில் பேசும் பொம்மையை வைத்துக்கொண்டு! யார் பேசுவது, யார் வாயசைப்பது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தொழிலை இவ்வளவு சரியாக வேறு யாரும் கிண்டலடித்ததில்லை.

லண்டனில் சக்கைப்போடு போட்ட நாடகம். 2010இல் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனதும் சில வாரங்களிலேயே மூட்டைகட்டிவிட்டார்கள். எனக்கு இன்னமும் ஆறவில்லை.

அப்புறம் 'லேமன் ட்ரைலஜி'. ஸ்டெஃபானோ மாசினி இத்தாலிய மொழியில் எழுதியது. சாம் மெண்டிஸ் இயக்க, ஆங்கிலத்தில் 2018இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் ஏறியது. 1844இல் பவேரியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிய அண்ணனிலும் பின்னால் வந்து சேர்ந்த தம்பிகளிலும் தொடங்கி 2008இல் வங்கி கவிழ்கிற வரைக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், நடிகர்கள் மூன்றே பேர். மனைவி, பேரன், வாடிக்கையாளர், கைக்குழந்தை எல்லாரும் அந்த மூன்று பேர்தான். கறுப்புக் கோட்டைக்கூட மாற்றுவதில்லை. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து குரலை இழுத்தால் மணப்பெண், முதுகை வளைத்தால் தாத்தா. நூற்றறுபது வருட வரலாறு இப்படித்தான் நகர்கிறது. இதே கதையைத் தொடராக எடுத்தால் ஆளுக்கொரு வேடம், ஊருக்கொரு செட் என்று போயிருக்கும். தலைமுறைகள் மாறியும் அதே மூன்று முகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன பாருங்கள், தாத்தாவின் ஆசை பேரனிடம் இருப்பது அதில்தான் தெரிகிறது.

பின்வரிசை:
டைனோசருக்குக் கடன் ஊட்டுவது பிடித்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நீங்கள் இருவரும் சொன்னதெல்லாம் வசதியுள்ள அரங்குகளின் சங்கதி. 'லேமன்' தயாரிப்பில் சுழலும் கண்ணாடி அறையே இருந்ததே! நாலு விளக்கும் ஒரு வாடகைக் கூடமும் மட்டும் வைத்திருக்கும் குழு என்ன செய்யும்? அவர்களுக்குப் 'பிரச்சினை' தான் கட்டுப்படியாகும் கதையோ என்று ஒரு சந்தேகம். அதற்கு நாலு நாற்காலியும் ஒரு கோபமும் போதுமே.

ஒப்பனையறை:
நாலு விளக்குக் குழுவில் இருப்பவள் என்ற முறையில் இதற்கு நான்தான் பதில் சொல்லியாக வேண்டும். :)

டங்கன் மாக்மில்லன் எழுதிய 'எவ்ரி பிரில்லியண்ட் திங்' கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஒரே நடிகர். செட் கிடையாது. அரங்கில் விளக்கை அணைப்பதுகூட இல்லை. ஏழு வயதுப் பிள்ளையின் அம்மா தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் இருக்கிறாள். உலகத்தில் வாழத் தகுந்தவை என்னென்ன என்று அம்மாவுக்காகப் பிள்ளை ஒரு பட்டியல் போட ஆரம்பிக்கிறது. முதலில் ஐஸ்கிரீம். பிள்ளை வளர வளரப் பட்டியலும் நீள்கிறது.

பின்னட்டைப்படி இதுவும் 'மனச்சோர்வு' அலமாரிதான், பின்வரிசை சார். பார்க்கப் போனால் அரங்கில் பாதி நேரம் சிரிப்புச் சத்தம்தான் கேட்கும். நாங்கள் தமிழில் சின்ன வட்டத்துக்குள் செய்துபார்த்தோம். அதில் இருக்கும் வேலையைச் சொல்கிறேன்.

நாடகம் தொடங்குவதற்கு முன்பே நடிகர் பார்வையாளர்களுக்கு நடுவே போய் எண் போட்ட சீட்டுகளைக் கொடுத்துவிட வேண்டும். நடுவில் எண்ணைச் சொன்னதும் அந்தச் சீட்டு வைத்திருப்பவர் வாசிப்பார். ஒருவர் கால்நடை மருத்துவராக வேண்டும், ஒருவர் அப்பாவாக, ஒருவர் பள்ளி ஆலோசகராக. ஆலோசகர் தன் காலுறையைக் கழற்றிக் கையில் மாட்டி அதை நாய்க்குட்டியாகப் பேசவைக்க வேண்டும். முன்பின் ஒத்திகை பார்க்காத ஆள்! சீட்டைக் கொடுக்கிற அந்தப் பத்து நிமிடத்திலேயே யார் எப்படி என்று கணித்துவிட வேண்டும். முன்வரிசையில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்பவரை அப்பாவாகப் போட்டால் காரியம் கெட்டது. அவர் ஜோக் அடிக்கப் பார்ப்பார். கூச்சப்படுகிறவர், ஆனால் கண்ணைத் தாழ்த்தாதவர், அவர்தான் ஆள். எங்கள் காட்சியில் ஒரு பெரியவர் தன் எண் வந்ததும் சீட்டை வாசிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கூடம் முழுக்க மௌனம். பக்கத்தில் இருந்த பெண் மெதுவாக அதை வாங்கி வாசித்தார். அதை எந்த நெறியாளரும் அமைத்திருக்க முடியாது.

இன்னொன்று, 'ஒயிட் ராபிட் ரெட் ராபிட்'. ஈரானைச் சேர்ந்த நசீம் சுலைமான்பூர் கட்டாய ராணுவ சேவைக்குப் போக மறுத்ததால் அப்போது அவருக்குக் கடவுச்சீட்டு கிடைக்கவில்லை. தான் போக முடியாத ஊர்களுக்குத் தன் நாடகத்தை அனுப்பினார். இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை. ஒவ்வொரு இரவும் புது நடிகர், மேடையில்தான் உறையைப் பிரித்து முதல் தடவையாக வாசிக்கிறார். ஒரு முறை நடித்தவர் மறுபடி நடிக்க முடியாது. ஆகிற செலவு ஓர் உறை. கட்டுப்படியாகுமா?

சும்மாவந்தவன்:
பார்வையாளரைப் பிடித்துக் காலுறையைக் கழற்றச் சொல்லும் நாடகங்களின் பட்டியலைத் தனியாக ஒட்டிவைத்தால் நல்லது. எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

தென்மோடி:
இழை நல்லாப் போகுது. 'பிரச்சினை நாடகம்' என்ற சொல்லிலை எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல்.

குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்தின 'மண் சுமந்த மேனியர்' 1985இலை யாழ்ப்பாணத்திலை மேடையேறினது. பிறகு ஊர் ஊராகப் போனது. வெளியிலை இருந்து பார்க்கிற ஆக்களுக்கு அது போர் பற்றிய நாடகம். அங்கை நிலத்திலை இருந்து பார்த்த சனத்துக்கு அது தங்கடை வீட்டுக் கதை. தாங்கள் வாய்விட்டுக் கதைக்கப் பயந்ததை இன்னொருத்தர் பலர் முன்னாலை கதைக்கிறதைக் கேட்க வந்தார்கள். அப்படி வாற சனத்துக்குப் பின்னட்டை எதுக்கு?

அதே ஆசிரியரின் 'எந்தையும் தாயும்' வேறை மாதிரி. பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போயிட்டினம். வயது போன தாய் தகப்பன் ஊரிலை. இதிலை குண்டும் இல்லை, துவக்கும் இல்லை, காத்திருக்கிறது மட்டும்தான். ஆனாலும் போர் வந்து பக்கத்துக் கதிரையிலை குந்தியிருக்கிற மாதிரி இருக்கும். ஒரே ஆள், ஒரே மண், ஒரே காலகட்டம். எழுதின இரண்டு கதைக்கும் எவ்வளவு தூரம் பாருங்கோ. முதலாவதிலை ஊரே ஒரு பாத்திரம், கூட்டமாக அசைஞ்சு கூட்டமாகப் பாடுது. இரண்டாவதிலை ஒரு வீட்டுக்குள்ளை குரல்கள் தணிஞ்சு போகுது.

பதிவேடு:
தென்மோடி சொன்னதை ஒட்டி ஒன்று. இன்றைய நாடகங்களில் ஒரு பெரிய கிளை, நிஜ மனிதர்களின் பேச்சையே பிரதியாக்குவது. 'தி லாரமி ப்ராஜெக்ட்' (2000) தெரிந்திருக்கும். 1998இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் லாரமி என்ற சிற்றூரில் மேத்யூ ஷெப்பர்ட் என்ற தன்பாலீர்ப்பு மாணவர் அடித்துக் கொல்லப்பட்டார். நியூயார்க்கிலிருந்து டெக்டோனிக் என்ற நாடகக் குழு அங்கே போய் இருநூறுக்கும் மேற்பட்ட நேர்காணல்கள் எடுத்து, அதிலிருந்தே நாடகத்தைக் கட்டியது. எட்டு நடிகர்கள், அறுபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். கொலை மேடையில் காட்டப்படுவதே இல்லை. மதுக்கடைக்காரர், காவல் அதிகாரி, மாணவிகள், பாதிரியார் என்று ஒவ்வொருவராகப் பேசப் பேச ஒரு ஊர் உருவாகிறது.

எனக்கு இந்த வகை மேல் மரியாதையும் உண்டு, கொஞ்சம் அவநம்பிக்கையும் உண்டு. 'சொன்னது சொன்னபடி' என்று விளம்பரம் செய்கிறார்கள். இருநூறு நேர்காணலிலிருந்து சில மணி நேரத்தை எடுப்பது யார்? எந்த வாக்கியத்துக்குப் பிறகு எது வர வேண்டும் என்று முடிவு செய்வது யார்? அதுதான் கதை சொல்வது. அதை மறைக்காமல் இருந்தால் எனக்குப் பிடிக்கும். லாரமி அதைச் செய்கிறது. நேர்காணல் எடுக்கப் போன நடிகர்களே பாத்திரங்களாக வந்து தங்கள் தயக்கத்தையும் பயத்தையும் சொல்கிறார்கள்.

லின் நாட்டேஜ் வேறு வழியில் போகிறார். நேர்காணல்கள் எடுப்பார், பிறகு அவற்றை ஓரமாக வைத்துவிட்டுக் கற்பனைப் பாத்திரங்களை எழுதுவார். காங்கோ போரில் சிக்கிய பெண்கள் பற்றிய 'ரூயின்ட்', பின்வரிசை அலுத்துக்கொண்ட அந்த மூடிய தொழிற்சாலை, அதாவது 'ஸ்வெட்', இரண்டுமே அப்படி வந்தவை. இரண்டுக்கும் புலிட்சர் கிடைத்தது. நாடகத்துக்கான அந்தப் பரிசை இரண்டு முறை வாங்கிய பெண் அவர் ஒருவர்தான். 'ஸ்வெட்' நாடகத்தைத் தொழிற்சாலை மூடல் என்று சுருக்காதீர்கள். ஒரே மதுக்கடையில் பல வருடமாகச் சேர்ந்து பிறந்தநாள் கொண்டாடும் தோழிகள், அவர்களில் ஒருத்திக்கு மேற்பார்வையாளர் பதவி கிடைக்கிறது. பொறாமை பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதிய நாடகம் அண்மையில் நான் வாசித்ததில்லை.

பின்வரிசை:
'ஸ்வெட்' பற்றி எனக்கு வேறு கருத்து. அந்த மதுக்கடைக் காட்சிகள் நன்றாக இருக்கின்றன, சரி. ஆனால் ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் தேதி போட்டு அன்றைய நாட்டுநடப்புச் செய்திகளைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறார். நான் செய்தித்தாள் என்று சொன்னது அதைத்தான். அந்தப் பொறாமைக்கு அந்தத் துணை தேவையில்லை.

அது இருக்கட்டும். சிரிப்பைப் பற்றி யாருமே பேசவில்லையே? காலுறை நாய்க்குட்டி தவிர.

மூன்றாம்மணி:
சிரிப்புக்கும் 'கனமான' நாடகத்துக்கும் நடுவே சுவர் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் மைக்கேல் ஃப்ரேயினைத்தான் காட்டுவேன்.

1982இல் 'நாய்சஸ் ஆஃப்' எழுதினார். முதல் அங்கத்தில் ஒரு மட்டமான கேலிக்கூத்து நாடகத்தின் கடைசி ஒத்திகை நடக்கிறது. இரண்டாம் அங்கத்தில் செட்டே திரும்பிவிடும். அதே நாடகத்தை நாம் மேடைக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம். அந்தப் பக்கம் காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் இந்தப் பக்கம் யாரும் சத்தம் போடக் கூடாது. காதல், சந்தேகம், அடிதடி எல்லாம் ஊமைக்கூத்தாகவே நடக்கின்றன. உள்ளே போக வேண்டிய வசனம் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்து போகிறார்கள். மூன்றாம் அங்கத்தில் மறுபடி முன்பக்கம். இப்போது எல்லாம் நாசம். ஒரே காட்சியை மூன்று முறை பார்க்கிறோம், மூன்றாவது முறைதான் அதிகம் சிரிக்கிறோம்.

அதே மனிதர் 1998இல் 'கோபன்ஹேகன்' எழுதினார். 1941இல் ஹைசன்பர்க், ஜெர்மனி பிடித்துவைத்திருந்த டென்மார்க்குக்குப் போய் நீல்ஸ் போரைச் சந்தித்தார். இரண்டு பேரும் அணு இயற்பியலின் பெருந்தலைகள், எதிரெதிர் பக்கத்தில் இருந்தவர்கள். என்ன பேசினார்கள் என்பதில் பிற்பாடு இருவரும் ஒத்துப்போகவில்லை. நாடகத்தில் அவர்கள் இருவரும் நீல்ஸ் போரின் மனைவியும் இறந்த பிறகு வந்து அந்தச் சந்திப்பைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கிறார்கள். வெறும் மேடை, மூன்று பேர்.

இரண்டும் ஒரே உத்தி என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. நடந்ததையே மறுபடி நடத்து, நிற்கிற இடத்தை மாற்று. ஒன்றில் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம், இன்னொன்றில் அணுகுண்டுக்கு யார் பொறுப்பு என்று தடுமாறுகிறோம்.

'கோபன்ஹேகன்' கிளப்பிய விவாதத்தில் இன்னொன்றும் நடந்தது. நீல்ஸ் போர், ஹைசன்பர்க்குக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருந்த கடித வரைவுகளை அவர் குடும்பம் 2012 வரை வெளியிடுவதாக இல்லை. நாடகத்தால் எழுந்த பேச்சு அடங்காததால் 2002இலேயே வெளியிட்டுவிட்டார்கள். செய்தித்தாளைப் பார்த்து நாடகம் எழுதுகிறார்கள் என்றீர்களே, இங்கே நாடகத்தைப் பார்த்துச் செய்தி வந்தது!

சும்மாவந்தவன்:
ஒன்றுமே நடக்காத நாடகம் எதையும் யாரும் சொல்லவில்லையே. எனக்கு அதுதான் வேண்டும்.

ஒப்பனையறை:
இருக்கிறதே, ஆனி பேக்கரின் 'தி ஃப்ளிக்' (2013). மேடை முழுக்கத் திரையரங்க இருக்கைகள், நம்மைப் பார்த்தபடி. அதாவது திரை இருக்க வேண்டிய இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். படம் முடிந்ததும் இரண்டு ஊழியர்கள் வந்து வரிசை வரிசையாகப் பெருக்குகிறார்கள். பாப்கார்னைக் கூட்டுகிறார்கள். பேச்சு, பிறகு நீண்ட மௌனம், பிறகு பெருக்குதல். மூன்று மணி நேரம். முதலில் போட்டபோது கொஞ்சம் பேர் இடைவேளையில் எழுந்து போய்விட்டார்கள். அரங்கின் கலை இயக்குநர் சந்தாதாரர்களுக்குக் கடிதமே எழுத வேண்டியதாயிற்று. மறு வருடம் புலிட்சர்.

நடிக்கிறவர்களுக்குத் தெரியும், பெருக்குவதை மேடையில் நிஜமாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று. நடிகர் எப்போதும் பெருக்குவது 'போல' பெருக்குவார். இங்கே குப்பை உண்மையிலேயே போக வேண்டும். அந்த நேரத்தில்தான் யாருக்கு யார் மேல் பிரியம், யார் யாரைக் காட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்பதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். பின்னணியில் ஃபிலிம் புரொஜெக்டர் போய் டிஜிட்டல் வரப்போகிறது. பிரச்சினை நாடகம் என்று சொல்லியே தீருவேன் என்றால், புரொஜெக்டர் பிரச்சினை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மாவந்தவன்:
மூன்று மணி நேரம் பெருக்குவதைப் பார்க்க நான் டிக்கெட் வாங்குவேன். என்னிடம் விளக்குமாறு கொடுக்காத வரைக்கும்.

பின்வரிசை:
ஃப்ரேயின் இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கப் போகிறேன். 'தி ஃப்ளிக்' வாசிப்பதற்கு உகந்ததா? மௌனத்தை எப்படி வாசிப்பது?

ஒப்பனையறை:
கஷ்டம்தான். வாசிக்க ஆரம்பிப்பவருக்கு நிக் பெய்னின் 'கான்ஸ்டலேஷன்ஸ்' (2012) நல்லது. இரண்டே பேர், இயற்பியல் ஆராய்ச்சிக்காரி ஒருத்தி, தேனீ வளர்ப்பவன் ஒருவன். பிரதியில் அடிக்கடி ஒரு கோடு வரும். கோடு வந்தால் வேறொரு பிரபஞ்சம். பெரும்பாலும் அதே வசனம், ஆனால் இந்த முறை அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது, அல்லது அவளுக்குக் கோபம், அல்லது இருவரும் அப்போதுதான் பிரிந்தவர்கள். கண்ணால் வாசித்தால் அச்சுப்பிழையோ என்று தோன்றும். ஆளுக்கொரு பாத்திரமாக உரக்க வாசித்தால்தான் கோட்டுக்குக் கோடு தொனி எப்படி மாறுகிறது என்று பிடிபடும். இழையில் யாராவது கூட வாசித்தால் அலைபேசியிலேயே செய்யலாம்.

கணக்குப்பிள்ளை:
நான் தயார், வார இறுதியில் இரவு எப்போது வேண்டுமானாலும். தேனீக்காரன் எனக்கு. இயற்பியலை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்வரிசை:
இயற்பியலை நான் எடுத்துக்கொள்கிறேன். என் குரல் அவ்வளவு கட்டை, பெண் பாத்திரத்துக்குச் சிரிப்பீர்கள். லேமன் குடும்பத்து மணப்பெண்ணே அப்படித்தானே வந்தாள், பரவாயில்லை. பிரதி கிடைத்ததும் தனிமடலில் நேரம் சொல்கிறேன். தென்மோடி, 'எந்தையும் தாயும்' அச்சில் கிடைக்கிறதா? அதையும் வாசிக்க வேண்டும்.

தென்மோடி:
விசாரிச்சுச் சொல்லுறன். அதையும் உரக்கத்தான் வாசிக்க வேணும், ஆனால் இரண்டு பேர் போதாது. சும்மாவந்தவனையும் பிடியுங்கோ.